மூன்றாம் ஓலை

1

சென்ற சனிக்கிழமை என் தங்கை கிருபாவுக்கு முதல் கல்யாண நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, காப்பிகூடப் போடாமல் அவளைக் கூப்பிட்டேன். முதல் வாழ்த்து அண்ணனுடையதாக இருக்கட்டுமே என்ற ஆசைதான். போனை எடுத்தவள் என்னை முழுதாகச் சொல்லவே விடவில்லை. பின்னால் பக்கத்து வீட்டு டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

"ண்ணா, இங்க இன்னும் அந்த நாளு வரல. வெள்ளிக்கிழமைதான் ஓடிக்கினு இருக்குது. நாளைக்கு சொல்லு, வாங்கிக்கிறேன்."

நான் இருப்பது நியூசிலாந்தில், ஹாமில்டன் என்கிற ஊரில். உலகத்தில் முதலில் பொழுது விடிகிற நாடுகளில் இதுவும் ஒன்று. நீங்கள் காஞ்சிபுரத்தில் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போது நாங்கள் அடுத்த நாளைத் தொடங்கிவிட்டிருப்போம். வந்த புதிதில் இதில் ஒரு பெருமைகூட இருந்தது. வரவர வேறு மாதிரி தோன்றுகிறது. இங்கே எல்லாமே நாளை. அடுத்த மாதத்துப் பல் டாக்டர், அடுத்த வருஷத்து விடுமுறை, ஓய்வு பெற்ற பிறகு எந்த ஊரில் வீடு என்று எல்லாவற்றுக்கும் இன்றைக்கே ஏற்பாடு செய்துவிட வேண்டும். என் ஜெபமும் அப்படித்தான் ஆகிவிட்டது. ஆண்டவரிடம் வரும் மாதங்களின் நிகழ்ச்சி நிரலை ஒப்படைத்துவிட்டு ஆமென் சொல்கிறேன்.

கிருபா ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்வாள், இன்றைக்கு வேண்டியதைக் கேட்பாள், எழுந்துவிடுவாள். வனாந்தரத்தில் வானத்திலிருந்து அன்றன்றைக்கு விழுந்த மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்துப்போன கதையை நாங்கள் இருவரும் சண்டே ஸ்கூலில் ஒரே பாயில் உட்கார்ந்துதான் கேட்டோம். அவள் அதை நம்பினாள். நான், அவர்கள் பாத்திரத்துக்கு மூடி போட்டார்களா என்று டீச்சரைக் கேட்டு வெளியே நிறுத்தப்பட்டேன்.

2

என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், பணம் கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்கும் வேலை. வெள்ளத்தில் நனைந்த சோபா உண்மையிலேயே வெள்ளத்தில்தான் நனைந்ததா என்று கேட்பதற்கு எனக்குச் சம்பளம். சந்தேகப்படுவது இந்த நாட்டில் ஒரு தொழில் என்று தெரிந்த நாளில், நான் பிழைத்துக்கொள்வேன் என்று என் மனைவி ஜாய்ஸ் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அதுதான் என்னால் முடிவதில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கிருபா கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து முடிந்திருந்தது. செவிலிமேட்டில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் வந்த வரன்களுக்கு, அம்மாவுக்குச் சரியாகட்டும் என்று பதில் போயிற்று. அம்மா போன பிறகு வரன்கள் வரவில்லை. இனி அந்தப் பேச்சே இல்லை என்று நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது.

மாப்பிள்ளை பெயர் குமரேசன். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறவர், மனைவியை இழந்தவர். அந்த மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தது கிருபாதான். அந்த அம்மாள் காலமான பிறகு இவர் கோயிலுக்கு வர ஆரம்பித்து, நம் சபையில் ஞானஸ்நானமும் எடுத்துவிட்டாராம். சபையில் எல்லோருக்கும் சந்தோஷமாம்.

எனக்கு இல்லை. தனியாக இருக்கும் பெண், சொந்த வீடு, திடீரென்று மனம் திரும்பிய ஒரு மனிதர். இந்த மூன்றும் ஒரே கோப்பில் வந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அதற்கு மேல் இன்னும் சில விஷயங்களைக் கிருபாவே வெள்ளந்தியாகச் சொன்னாள். ஞானஸ்நானத்தில் புதுப் பெயர் வேண்டுமா என்று ஆயர் கேட்டதற்கு, ஆதாரில் இருந்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமே என்று குமரேசன் பழைய பெயரையே வைத்துக்கொண்டாராம். திரும்பிப் போவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று நான் குறித்துக்கொண்டேன். இன்னொரு நாள், நம் வீட்டுக் கூடம் எவ்வளவு நீளம் என்று அவர் கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். ஒரு தறி போட நீளமான கூடம் வேண்டும் என்பது காஞ்சிபுரத்தில் பிறந்த யாருக்கும் தெரியும்.

நாளைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். நாளைக்கு ஆண்டவர் இருக்கிறார், இன்றைக்கு மீன் குழம்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

3

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நான் நேர்மையில்லாதவன் ஆகிவிடுவேன்.

எங்கள் அப்பா சாயப் பட்டறையில் பட்டு அலசிய கூலி. காய்ந்த நூலை மூட்டையாகக் கட்டி நெசவாளர் தெருக்களுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். விடுமுறை நாட்களில் நானும் பின்னால் உட்கார்ந்து போவேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அப்பா தண்ணீர் கேட்டால் சொம்பைக் கொடுக்கமாட்டார்கள். அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து வாயருகே வைக்க, மேலிருந்து ஊற்றுவார்கள். சட்டை நனைந்துவிடும். அப்பா அதைத் துடைத்துக்கொண்டே அவர்களிடம் நன்றாகத்தான் பேசுவார். அப்பாவுடைய தாத்தா காலத்தில் சேரியிலிருந்து வேதத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கோயிலில் ஆயர் எங்களுக்குக் கொடுத்த ஒரே பாத்திரத்தில் எல்லோரும் திராட்சரசம் குடித்ததுதான் அப்பாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம்.

அந்தத் தெருவிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருகிறார் என்றால், எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்றுதான் கேட்கத் தோன்றியது. இன்றும் அந்தக் கேள்விக்காக நான் வெட்கப்படவில்லை.

4

எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பை இன்னும் ஓலை என்றுதான் சொல்வோம். வாசிப்பது காகிதம். அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடுவே ஆயர் வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் செய்விக்க நினைத்திருக்கிறோம், இவர்கள் சேரக்கூடாததற்கு யாராவது காரணம் அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும் என்பார். பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் யாராவது இருமுவார்கள், ஏதாவது குழந்தை சிணுங்கும், அடுத்த பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். நான் பிறந்ததிலிருந்து அந்தக் கேள்விக்கு எவரும் பதில் சொன்னதில்லை. அது பதில் சொல்வதற்கான கேள்வி என்று எங்களில் யாருக்கும் தோன்றியதும் இல்லை.

முதல் ஓலையை யூடியூப் நேரலையில் பார்த்தேன். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையும் ஆராதனையை நேரலையில் போடுகிறது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் பாதி மறைந்தபடி குமரேசன் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. எப்போது எழுந்து நிற்கிறார், எப்போது உட்கார்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சபை முழுவதும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அவர் வாய் அசையவில்லை. படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடியும் பார்த்தேன். அசையவில்லை. ஜாய்ஸ் வந்து, ஆராதனையில் இருக்கிறீர்களா, ஆபீஸில் இருக்கிறீர்களா என்று கேட்டாள்.

என் மகள் ஷாரன் இங்கே பிறந்தவள், பதினேழு வயது. கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவில்லை, அப்புறம் எல்லா ஞாயிறும் அப்படியே ஆகிவிட்டது. அதற்குப் பதிலாக போனில் ஒரு செயலி வைத்திருக்கிறாள். அதில் ஒரு பெண்மணி மெதுவான ஆங்கிலத்தில், இந்த நொடியில் இரு, மூச்சை மட்டும் கவனி என்பார். மாதச் சந்தா என் அட்டையிலிருந்து போகிறது. உன் அத்தை இதைத்தான் ஐம்பது வருஷமாகச் சும்மா செய்கிறாள் என்று சொன்னேன். அத்தைக்கு அந்த மூச்சைக் கொடுத்தது யார் என்பதும் தெரியும் என்று ஜாய்ஸ் சேர்த்துக்கொண்டாள். ஷாரன் எங்கள் இருவரையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அத்தைக்கு ஐம்பது வயது ஆகவில்லை என்று மட்டும் திருத்தினாள்.

5

தேவா என்னோடு பள்ளியில் படித்தவன். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிறான். கொஞ்சம் விசாரித்துச் சொல் என்று அவனிடம் கேட்டேன். அவனுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது. மில்லைத் தம்பியிடம் விட்டுவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இரண்டாம் ஓலைக்கு முந்தைய நாள் அவனிடமிருந்து படங்கள் வந்தன. திருப்புட்குழி பெருமாள் கோயில். வெளிச்சுற்றில் குமரேசன் ஒரு வயதான அம்மாளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார். அடுத்த படம் சந்நிதிக்கு வெளியே எடுத்தது. குமரேசன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே குவிந்திருக்கின்றன.

தேவா குரல் செய்தியும் அனுப்பியிருந்தான். "ஒவ்வொரு சனிக்கிழமையும் வராராம்பா. கடைக்காரன் சொன்னான். உங்க ஆளு ரெண்டு பக்கமும் கணக்கு வெச்சினு இருக்குறாரு, பாத்துக்கோ."

என் வாழ்க்கையில் ஒரு சந்தேகம் இவ்வளவு சுத்தமாக நிரூபணம் ஆனதில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. போனில் கிருபாவிடம் சொல்லும் விஷயம் இல்லை இது. கிளம்புவது என்று முடிவு செய்தேன்.

நான் இந்த நாட்டுப் பிரஜை ஆகிவிட்டவன். சொந்த ஊருக்குப் போக விசா வேண்டும். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தார்கள். சுற்றுலா என்று போட்டேன். ஆபீஸில் என் மேலாளர், தங்கையின் கல்யாணமா என்று கேட்டு வாழ்த்தினார். ஒருவேளை இல்லாமலும் போகலாம் என்றேன். அவர் குழம்பிப்போய், "சீ யூ லேட்டர்" என்றார். வந்த புதிதில் ஒரு முறை இதே வார்த்தையை நம்பி, மேலாளர் திரும்பி வருவார் என்று விளக்கணைக்க ஆள் வரும்வரை ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தவன் நான். இந்த ஊரில் விடைபெறும்போதுகூட நாளைக்கு வாக்குக் கொடுக்கிறார்கள், அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

6

சனிக்கிழமை சாயங்காலம் செவிலிமேட்டில் இறங்கினேன். கிருபா வாசலிலேயே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள், அது அவளுக்கு நன்றாக இருந்தது. ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"அது நாளைக்கும் முக்கியமாத்தான இருக்கும்? இன்னிக்கு நீ வந்திருக்க. மொதல்ல சாப்டு."

மூன்று முறை ஆரம்பித்தேன், மூன்று முறையும் ஏதாவது ஒன்றைத் தட்டில் வைத்தாள். கடைசியில் போனை எடுத்துக் காட்டிவிடலாம் என்று பாக்கெட்டில் கை விட்டபோது, அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டாள். இன்றைக்கு அண்ணனைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு ஸ்தோத்திரம் என்றாள். போனை உள்ளேயே விட்டுவிட்டேன்.

காலையில் ஆராதனைக்கு முன்பே போய் ஆயரைத் தனியாகப் பிடிப்பது என் திட்டம். அவருக்கு அன்றைக்கு வேறொரு கிராமத்துச் சபையில் முதல் ஆராதனை. அங்கிருந்து நேராக வந்து, அங்கியை மாட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார். பாட்டு தொடங்கிவிட்டது. கிருபா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். குமரேசன் என்னைத் தேடி வந்து, "வாங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு என் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். அவரிடம் சோப்பு வாசனையும் பட்டுக்குப் போடும் கஞ்சியின் வாசனையும் வந்தன. எங்கள் அப்பாவின் சட்டையில் சாய வாசனைக்கு அடியில் இருக்குமே, அந்த வாசனை. எனக்குக் கோபமாக வந்தது.

விசுவாசப் பிரமாணத்தின்போது பக்கத்திலிருந்து கவனித்தேன். வாய் அசையத்தான் செய்தது. மற்றவர்களுக்கு அரை வாக்கியம் பின்னால், சத்தமில்லாமல், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். கேமராவுக்கு அது தெரிந்திருக்காது. அதையும் நான் நடிப்பின் கணக்கில்தான் சேர்த்தேன்.

மூன்றாம் ஓலை. ஆயர் வாசித்தார். யாராவது காரணம் அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும் என்றார், நிறுத்தினார். எனக்கு இருந்த கடைசி வாய்ப்பு அந்த ஒரு மூச்சுதான். சபை நடுவில் என் தங்கையின் தலையைக் குனிய வைக்கப் போகிறேன் என்று தெரிந்தே முன் பெஞ்சில் கையை ஊன்றினேன்.

எனக்கு முன்னால் குமரேசன் எழுந்துவிட்டார்.

"ஐயா, மூணு வாரமா இத கேக்குறீங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்குது. நானே சொல்லாம உக்காந்துக்கினு இருந்தா சரியா இருக்காது."

இருமல்கூட நின்றுவிட்டது. எங்களுக்குப் பழகிப்போன கேள்வி அது. புதிதாக வந்த மனிதர் அதை உண்மையிலேயே தன்னிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டுவிட்டார்.

"எறந்துபோன என் சம்சாரத்தோட அம்மா திருப்புட்குழில இருக்குறாங்க. கண்ணு தெரியாது, வேற ஆளு கெடையாது. சனிக்கிழமைல பெருமாள் கோயிலுக்குக் கூட்டினு போறது நான்தான். சந்நிதில நிக்கும்போது என் கை தானா எழும்பிடுது. எழும்பினப்புறம்தான் எனக்கு நெனப்பு வருது. இது ஆட்சேபணையா இல்லையான்னு எனக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்."

உட்கார்ந்துவிட்டார். என் கை இன்னும் பெஞ்சிலேயே இருந்தது.

7

ஆராதனை எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை. ஆராதனைக்கு ஆயர் தயாராகும் வெஸ்ட்ரி அறையில் ஆயர், சபைச் செயலாளர், கிருபா, குமரேசன், நான். செயலாளர் கொதித்துப்போயிருந்தார். விக்கிரகத்தின் முன்னால் கை கூப்புகிறவருக்கு எப்படித் தாலி எடுத்துக் கொடுப்பது, ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள், திருந்தட்டும் என்றார். ஆயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை காலம் ஓலை வாசித்திருக்கிறேன், பதில் வந்தால் என்ன செய்வதென்று யோசித்து வைக்கவில்லையே என்று ஒப்புக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். பெண் வீட்டில் பெரியவர் நான்தான், நான் என்ன சொல்கிறேனோ அதை வைத்து முடிவு செய்யலாம் என்றார்.

கிருபா என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வரும் நாட்களில் அப்படிச் செய்வாள்.

நான் குமரேசனிடம் ஆபீஸில் கேட்பது போலக் கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் போவீர்களா, அங்கே மறுபடியும் கை எழும்புமா?

"அத்த இருக்குற வரைக்கும் போவேன் சார். கை எழும்புமான்னு கேட்டா, தெரியாது. நாளைக்கு என் கை என்னா செய்யும்னு இன்னிக்கே நான் எப்டி எழுதிக் குடுக்குறது?"

இவ்வளவு வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பொய் சொல்ல வருகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நேற்று எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, நாளைக்கு எந்தக் கடையில் புது சோபா வாங்குவார்கள், எதற்கும் தடுமாற மாட்டார்கள். தெரியாது என்று சொல்லி நஷ்டப்படுகிறவர்களின் கோப்பில்தான் நான் சீக்கிரம் கையெழுத்துப் போடுவேன். இந்த மனிதர், இனி எழும்பாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணம் நடந்துவிடும். அதை அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் கிருபா பேசினாள். ஆயரைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள், பாதியில் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எனக்கு இது முன்னாடியே தெரியும் ஐயா. அவரு மொதல்லயே சொல்லிட்டாரு. நானும் ஜெபம் பண்ணினுதான் இருக்கேன். நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிக்கினே எனக்கு இவ்ளோ வயசு ஆயிடுச்சி. யாரு மேலயும் குத்தம் சொல்லல. ஆனா ஆண்டவரு என் கைல குடுத்தது இன்னிக்கு மட்டுந்தான்ணா. அத நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். இவரு கை நாளைக்கு எழும்பிச்சின்னா, நாளைக்கு நான் பக்கத்துல இருப்பேன்."

கூரை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாக்கெட்டில் போன் கனத்தது.

"இன்னைக்கு எனக்கு ஆட்சேபணை இல்லைங்க ஐயா" என்றேன்.

அது என்ன இன்றைக்கு என்று செயலாளர் பிடித்துக்கொண்டார். நாளைக்கு இருக்குமா? ஆயர் அவரைக் கையமர்த்தினார். ஓலையில் நான் கேட்டதும் இன்றைக்குத்தானே என்றார். கல்யாணம் அந்த வாரமே நடந்தது. செயலாளர் வரவில்லை. அவர் வீட்டிலிருந்து அவருடைய மனைவி மட்டும் வந்து, பந்தியில் கடைசி வரைக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

8

கதையை இங்கே முடித்திருந்தால் என்னை நல்லவன் என்று நினைத்திருப்பீர்கள்.

கல்யாணப் பந்தியில் தேவாவும் குமரேசனும் ரொம்ப நாள் பழகியவர்கள் போலச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. திருப்புட்குழியில் படம் எடுத்தபோது இவன் மாட்டிக்கொண்டானோ? ஹாமில்டனிலிருந்து விசாரணை நடக்கிறது என்று உளறிவிட்டானோ? என் கையில் படம் இருப்பது தெரிந்தால், நான் எழுவதற்கு முன்னால் தானே எழுந்து சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

தேவாவை ஓரங்கட்டிக் கேட்டேன். தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். அவன் பள்ளிக்கூடத்திலும் எதற்கெடுத்தாலும் சத்தியம் செய்கிறவன்தான். கிருபாவிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் அவரையே கேள், பொய் சொல்லத் தெரியாது என்றாள். நான் கேட்கவில்லை. விமானம் ஏறிவிட்டேன்.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் வீட்டில் சொன்னேன். அவர் எழுந்து நின்ற இடத்தை ஷாரன் மறுபடியும் சொல்லச் சொன்னாள். பிறகு, அந்தக் கேள்விக்கு இதுவரை ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லையா, அப்படியானால் ஏன் கேட்கிறீர்கள் என்றாள். அடுத்த ஞாயிறும் அவள் எழுந்திருக்கவில்லை. ஆனால் சில ஞாயிறுகளில், ஆராதனையில் என்ன கேட்டார்கள் என்று மத்தியானம் விசாரிக்கிறாள்.

அப்புறம் சில மாதங்களில், நான் நினைத்தபடியே தறி எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது. சோபாவைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். நான் சொன்னேன் பார்த்தாயா என்று கிருபாவிடம் கேட்டேன். ஆமாம், இப்போது வேலை முடிந்து வந்தால் அவர் கண்ணெதிரிலேயே இருக்கிறார் என்றாள். அவளுக்கு இது ஒரு புகாராகவே படவில்லை.

ஒரு வருஷமாக, தேவா சொல்லிவிட்டானா என்ற அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. வாரா வாரம் குமரேசனும் நானும் பேசுகிறோம். மழை, ஆயரின் மாற்றல், திருப்புட்குழி அத்தையின் முழங்கால் என்று எல்லாம் பேசுவோம். அவர் சார் என்பார், நான் வாங்க போங்க என்று முறை சொல்லிக் கூப்பிடாமல் ஓட்டுவேன். ஒவ்வொரு முறையும் வைத்த பிறகு, கேட்டிருக்கலாமே என்று தோன்றும்.

9

சனிக்கிழமைக்கு வருகிறேன். நாளைக்குச் சொல் என்று கிருபா சொன்னதால் அன்று முழுவதும் காத்திருந்தேன். இங்கே இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியாயிற்று. ஷாரன் காதில் அந்தச் செயலிப் பெண்மணியை மாட்டிக்கொண்டு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். காஞ்சிபுரத்தில் அப்போதுதான் மத்தியானம். கூப்பிட்டேன். எடுத்தது குமரேசன்.

கிருபா அடுப்படியில் இருப்பதாகச் சொன்னார். வாழ்த்துச் சொன்னேன். சங்கோஜப்பட்டு வாங்கிக்கொண்டார். குரல் கொஞ்சம் மூச்சு வாங்கியது. இப்போதுதான் திருப்புட்குழியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாராம். கல்யாண நாளிலும் போனீர்களா என்றேன். சனிக்கிழமையாச்சே சார், அத்தை காத்துக்கொண்டு இருப்பார்களே என்றார்.

இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கிருபா பக்கத்தில் இல்லை. பேச்சும் திருப்புட்குழியில்தான் நிற்கிறது. அன்றைக்கு தேவா உங்களிடம் முன்னாடியே சொன்னானா? இவ்வளவுதான் கேள்வி. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் என்ன பதில் சொன்னாலும் அதை நான் நம்பப்போவதில்லை என்பதும் அதோடு சேர்ந்து வந்தது.

பின்னால் கிருபா தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

"சாப்ட்டீங்களா மாப்ள?" என்றேன்.

 

"இப்பதான் கை கழுவினு வந்தேன் மச்சான்" என்றார் குமரேசன். "ஒக்காரப் போறோம்."